ஸ்டாரை அழுத்திவிட்டேன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற பொம்பளை நான். கன்னடம் பேசுகிற ஊரில் இந்த விவேக் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு தாயத்துகூடக் கட்டினதில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, இது பட்டப்பகலில் நடந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். வாய் நிறைய வெற்றிலைச் சாற்றை வைத்துக்கொண்டு பாட்டு முனகுவார். வார்த்தை வராது, மூக்கால் ராகம் வரும், தொண்டையில் சாறு களக் களக்கென்று கொதிக்கும். நான் சோற்றை அப்படியே வைத்துவிடுவேன். "ச்சீ" என்றால் போதும், வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார்.

ரிடையர் ஆனபிறகு ஆட்டோ ஸ்டாண்டிலேயே கிடந்தார். எனக்குப் பேர் பார்த்துப் போன் போட வராது. அதனால் ரெண்டை அழுத்திப் பிடித்தால் அவருக்குப் போகிற மாதிரி மகன் செய்து கொடுத்திருந்தான். மதியம் ஒரு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், சோறு ஆயிற்று என்று அர்த்தம். ரிங்குக்குப் பதில் ஏதோ சினிமாப் பாட்டு வரும், கட் பண்ணிவிடுவேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். மகன் அவர் சிம்மைக் கழற்றி உடைத்துப் போட்டான். நானே பார்த்தேன்.

பதினாறாம் நாள், படையல் போட்டாயிற்று, மணி ஒன்று. கைப் பழக்கம் பாருங்கள், ரெண்டை அழுத்திவிட்டேன். கன்னடத்தில் ஒருத்தி 'ஸ்விட்ச் ஆஃப்' என்பாள் என்று பார்த்தால், மூக்கால் ராகம். களக் களக். காதுக்குள் ஈரமாக வழிகிற மாதிரி இருந்தது, சத்தியமாக முந்தானையால் காதைத் துடைத்தேன். "ச்சீ!" என்று கத்தினேன். நிற்கவில்லை. கைக்கு வந்த பட்டனை அழுத்தினேன், அடங்கியது.

மகனிடம் சொன்னேன்.

"எந்தப் பட்டன்மா அழுத்துன?"

"பூ மாதிரி இருக்கே, இதுதான்."

"அய்யோ, அது ஸ்டாரு! அதை அழுத்துனா அவங்க போன்ல வர்ற பாட்டு உனக்கு வந்துடும். இனிமே உனக்குப் போன் போடுறவங்களுக்கெல்லாம் அப்பா கச்சேரிதான்."

கேலியாகத்தான் தன் போனிலிருந்து எனக்கு அடித்தான். சிரிப்பு அப்படியே நின்றது. போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினான்.

கம்பெனி ஆபீசுக்குப் போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், "நிம்ம நம்பர்கே யாவ ட்யூனூ இல்ல அஜ்ஜி" என்றாள். பாட்டி, உங்கள் நம்பருக்குப் பாட்டே வைக்கவில்லை என்கிறாள். நம்பரையே மாற்றினேன். புது நம்பரிலும் வந்தது.

அத்திபெலேயில் கட்டிக்கொடுத்த மகள் தினம் காலையில் பேசுகிறவள், அடியோடு நிறுத்திவிட்டாள். அவள் குரலைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது. ஒரு மாசம் பொறுத்துவிட்டு, பஸ் பிடித்து நானே போனேன்.

"ஏன்டி, அப்பன் முனகுறது உனக்குப் புதுசா? அதுக்காகவா அம்மாகிட்ட பேசாம இருக்க?"

"முனகுனா என்னம்மா. நடுவுல நீ 'ச்சீ'ங்கிற."

"நான்தான், அன்னைக்குச் சொன்னேன்."

"அதுக்கப்புறம் அப்பா துப்பலம்மா. மடக்குனு முழுங்கிட்டு, மறுபடி பாடுறாரு."

வேறு போனிலிருந்து அடித்து நீயே கேளேன் என்கிறார்கள். மாட்டேன். இதைச் சொல்லும்போதே எச்சில் ஊறுகிறது. முழுங்க முடியவில்லை.