மணி தள்ளும் விரல்கள்

என்னைப்போல அபாகஸ் வகுப்பு நடத்தி மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: பிள்ளை உட்காருவதற்கு முன்னால் அதன் பயம் வந்து உட்கார்ந்துவிடும். பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியறையில், கணக்கு ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். கம்பியில் கோத்த மணிகளால் எண்ணைத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தை.

கண்ணை மூடியவள்

செவ்வந்தி பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். ஐந்தாம் வகுப்பு. கதை சொன்னால் வாய் ஓயாது. பதின்மூன்றை எழுதச் சொன்னால் முப்பத்தொன்று எழுதுவாள். "இந்த வருசமும் இப்டின்னா படிப்ப நிறுத்திட்டு நண்டு ஒடைக்க இட்டுக்கினு போயிடுவேன்" என்று அவள் எதிரிலேயே சொன்னார் அம்மா தேசம்மா.

ஒருநாள் எழுதவே சொல்லாமல், மணிகளில் பதின்மூன்றை வைத்து அபாகஸ் சட்டத்தை மட்டும் கொடுத்தேன். தானாகவே கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒரு கம்பியில் ஒன்று, அடுத்ததில் மூன்று. "பதிமூணு" என்றாள். கூட வந்திருந்த தேசம்மா மகளின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மிஸ், இத்தினி நாளா இவ மண்டைல தேடிக்கினு இருந்தேன், கணக்கு வெரல்லயா கீது?"

தேர்வறையில்

செவ்வந்தியின் பரீட்சைக்கு அபாகஸ் கூடாது என்றுவிட்டார் பள்ளிக் கணக்கு ஆசிரியர். மற்ற பிள்ளைகளும் கேட்டால் என்ன சொல்வது என்ற அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு அவரே வந்து சொன்னார். பாதிக் கணக்குதான் சரி. ஆனால் முதல்முறையாக அவள் தாளை வெறுமையாகத் தரவில்லை. வெறும் பெஞ்சில் விரலை நகர்த்திக்கொண்டிருந்தவளிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டாராம். "மணிய உள்ள உடமாட்டேன்னீங்க சார், அதான் வெரல மட்டும் இட்டுக்கினு வந்தேன்."

ஷிப்ட் முடிந்து வந்தவர்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் வேலை செய்யும் முருகேசனுக்கு, என்னிடம் படிக்கும் மகன் யுவன் டிவி போட்டிப் பிள்ளைகள்போல் படபடவென்று விடை சொல்ல வேண்டும். யுவனுக்கோ எட்டோடு ஐந்தைக் கூட்டவே வெகுநேரம் ஆகும். "வேணும்னே பேஜார் பண்றான்" என்று ஒருநாள் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே புகுந்து, "நீங்களே கூட்டிக் காட்டுங்க" என்று சட்டத்தை நீட்டினேன்.

அவர் விரல் எட்டில் நின்றது. அங்கேயே நின்றது. யுவன் அப்பாவின் கையைப் பிடித்து, ஐந்துக்கான மேல்மணியை விலக்கி, பத்துக்கு ஒரு மணியை ஏற்றிப் பதின்மூன்றாக்கினான். முருகேசன் சட்டத்தை மகன் பக்கம் தள்ளினார். "எனக்கும் சின்ன வயசுல இப்டித்தான் மிஸ். மக்குன்னாங்க, நானும் நம்பிட்டேன். இவன் நம்ப வேணாம்."

மணியை நகர்த்தப் பிள்ளைகள் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களை நகர்த்தத்தான் எனக்கு இன்னும் கை படியவில்லை.