ஐஸ் பெட்டிக்கு எத்தனை மார்க்?

கணக்கெடுக்கப் போகிறவளுக்குப் பதிலுக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பு வந்துவிடும். வீடு வீடாகக் கேள்வி சுமக்கும் அக்கா தங்கச்சிகளே, நம் தொல்லையெல்லாம் அந்த உபசாரத்தில்தானே இருக்கிறது?

பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு, பத்தாவது படித்த நான் இந்தக் கணக்கெடுப்பு வேலைக்கு வந்தேன். ஜெகதாப்பட்டினத்தில் கூடை தூக்கி மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஐஸ் பெட்டி கொடுத்திருந்தது. பலன் உண்டென்று கணக்கு சொன்னால்தான் பக்கத்து ஊருக்கும் பெட்டி.

அஞ்சுக்கு அஞ்சு

பெட்டிக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடச் சொன்னோம். எல்லாரும் ஐந்து. அவர்களில் வள்ளி என்பவள், மூடி உடைந்த பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அவளும் ஐந்துதான். ஏனம்மா என்றேன்.

"குடுத்தவங்களக் கொறை சொன்னா வெளங்குமா? அஞ்சே போடுங்கக்கா."

கொடுக்காத ஊர்

பெட்டி கிடைக்காத பக்கத்து ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும் என்றாள் எங்கள் மேற்பார்வையாளர் தீபா. அப்போதுதான் மாற்றம் பெட்டியால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியுமாம். ஒரே மாவில் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் உப்புப் போட்டுப் பார்ப்பதுபோல என்று எனக்குப் புரிந்தது. அந்த ஊர்க் காளியம்மாளுக்கு அதை எப்படிச் சொல்வது? கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்:

"எல போடாம, சாப்பாடு எப்பிடின்னு கேக்குறீங்களே தாயி!"

வீணாகாத மீன்

விற்காமல் வீணான மீன் எவ்வளவு என்பதுதான் முக்கியக் கேள்வி. ரெண்டு ஊரிலும் ஒன்றுமில்லை என்றார்கள். மிச்சத்தை உப்புப் போட்டுக் கருவாடாக்குவார்களே தவிர, மீனை யார் எறிவார்கள்? கணக்கில் ரெண்டு ஊரும் ஒன்றாகவே நின்றன. பெட்டியால் எதுவும் மாறவில்லை என்றுதான் அர்த்தம். தீபா முகம் வாடிப்போனாள். காளியம்மாள் ஊருக்குப் பெட்டி இல்லையா? கேட்கவேண்டியதைக் காட்டு முருகா என்று திருநீறு பூசிக்கொண்டு, தீபாவை வள்ளி வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

வள்ளி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தீபா கேள்விகள் இருந்த போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெட்டி வந்தபிறகு என்னதான் மாறியது என்று சும்மா கேட்டாள்.

"முன்னல்லாம் மீன் கெட்டுருமேன்னு தெருத்தெருவா ஓடுவேன். இப்பத்தான் மத்தியானம் உக்காந்து சோறு திங்கிறேன்."

புதுக் கேள்வி

'நேற்று மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்து, ரெண்டு ஊரிலும் மறுபடி கேட்டோம். வள்ளி ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்றார்கள். அங்கிட்டு, ஆமாம் சொன்னவர்களைத் தேடவேண்டியிருந்தது. காளியம்மாள் சிரித்தாள்.

"நேத்தா? நின்னமேனிக்கு ஒரு டீ. இந்தக் கேள்விக்காவது பெட்டி வருமா தாயி?"

வந்தது. இப்போது ரெண்டு ஊரும் உட்கார்ந்து சாப்பிடுவதால், அடுத்த கணக்குக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டி இல்லாத ஊர் கிடைக்காமல் நாங்கள்தான் அலைகிறோம்.