யானை திறந்த மதகு

வவுணதீவுக்கு மேற்கே, ஒரே குளத்து நீரில் விளையும் ஒரு வட்டையின் வயல்களுக்கெல்லாம் நீர் பங்கிடுபவர் கதிர்காமத்தம்பி. விவசாயிகளே கூடித் தெரிந்தெடுத்த வட்டை விதானை. பதினாறு வருடமாக மதகுக்கும் வீட்டுக்கும் மிதித்ததில் சைக்கிள்கூட இரண்டு தடவை ஓய்வு கேட்டுவிட்டது. அவருக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

ஒருநாள் மாலை அலுப்பில் மதகை மூடாமலே போய்ப் படுத்துவிட்டார். கடைசி முறைக்கென வைத்திருந்த குளத்து நீர் விடிவதற்குள் ஆற்றோடு போயிற்று. கடைக்கோடி வயல்கள் கதிர் தள்ளும் நேரத்தில் காய்ந்தன.

ஊர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. யானை தும்பிக்கையால் மதகுச் சக்கரத்தைத் திருகித் திறந்ததாம். பத்தே நாளில் அது நாலு யானையாகி, அதில் ஒன்று காவலுக்கும் நின்றது.

அடுத்த போகத்துக்கான கூட்டத்தில் கதிர்காமத்தம்பி எழுந்தார்.

"யானை பாவம். மூடாமப் போனது நான்தான். இந்தாங்க, வேற ஆளப் போடுங்க."

மதகுப் பூட்டின் சாவியை, பதினாறு வருடமாக மடியில் கிடந்த அந்தத் திறப்பை, மேசையில் வைத்துவிட்டு, இனித் தூங்கலாம் என்பதுபோல் அமர்ந்தார்.

இரண்டு ஏக்கர் காயக் கொடுத்த மங்கையற்கரசி எழுந்தாள்.

"என்ட வயலக் காய வெச்சது நீங்களா? நான் நாலு கிழமையா யானைக்கெல்லோ ஏசினன்!"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"திறப்ப எடுங்க அண்ணன். வேற ஆள் பிழை விட்டா யானையெண்டுதான் சொல்லுவார். இந்தமுறை முதல் தண்ணி கடைசி வயலுக்கு."

யாரும் மறுக்கவில்லை. கதிர்காமத்தம்பி பெருமூச்சோடு திறப்பை மடியில் செருகினார். வீட்டுக்குப் போகுமுன் மதகை ஒருமுறை பார்க்க வேண்டும்.