பூவாத்தாளைத் தள்ளிவைத்த அதிகாரம்

பூவாத்தாளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சலோமி. ராசிபுரத்துக்குக் கிழக்கே அவள் வாழ்ந்த தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவள் புருஷன் சத்தியநாதன் ஒருவர்தான். அங்கிருந்த சின்ன ஓட்டுக் கோயிலுக்கு அவர் உபதேசியார். குருப்பட்டம் பெற்ற பாதிரி ஐயர் சேலத்திலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் வேதம் வாசிப்பதும் அதற்கு அர்த்தம் சொல்வதும் சத்தியநாதன் பாடு. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எழுதியிருப்பதற்கு இந்தப் பக்கமும் போகமாட்டார், அந்தப் பக்கமும் போகமாட்டார்.

மகள் லேயாளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்த வருஷம், பூவாத்தாளின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் விரல்களிலும் முழங்கையிலும் பரவிவிட்டது. தெருவில் அதை வெண்குட்டம் என்றார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் வெள்ளைப்பட்ட இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அவளுக்கு வலித்தது. உணர்ச்சி இருக்கிறது, இது ஒட்டுகிற வியாதி இல்லை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வண்டியில் திரும்பும்போது லேயாளுக்கு வளையல் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தாள்.

சத்தியநாதன் வேதத்தில் லேவியராகமத்தை எடுத்துப் படித்தார். தோலில் வெள்ளைத் தடம், அதிலுள்ள மயிரும் வெளுத்திருந்தால் அது குஷ்டம், அப்படிப்பட்டவர் தீட்டு, பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும் என்று அச்சடித்துக் கிடந்தது. அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மயிர் வெளுத்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே அதிகாரத்தைக் காட்டித்தான் தோல் வெளுத்த ரங்கன் என்ற கிழவரை அவர் கோயிலுக்கு வெளியே உட்காரவைத்திருந்தார். இப்போது தன் பெண்டாட்டிக்கு ஒரு நியாயம் பேசினால் ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் நினைத்தார்.

"ஏனுங்க, ஆண்டவரு குஷ்டக்காரங்களையெல்லாம் தொட்டாருங்களே," என்று பூவாத்தாள் கேட்டாள்.

"அவரு ஆண்டவரு. நான் மனுசன்," என்றார் அவர். சொல்லும்போது அழுதார்.

கிணற்றுக்கு அப்பால், சோளக்காட்டு ஓரத்தில் அவரே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் அவரே கூழ் கொண்டுவந்து கல்லின்மேல் வைத்துவிட்டு எட்ட நிற்பார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை போகமாட்டார். வேறு பெண் கட்டச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்தபோது விரட்டிவிட்டார். லேயாளைக் கிணற்றடிவரை கூட்டிவந்து காட்டுவார். அவள் அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கத்திச் சொல்வாள். பூவாத்தாள் இங்கிருந்தே தலைபின்னச் சொல்லிக்கொடுப்பாள்.

ஒரு கோடையில் லேயாளுக்குக் காய்ச்சல் கண்டது. குடல் காய்ச்சல் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெருமாயிதான் கூட இருந்து பார்த்தாள். பிள்ளை அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பூவாத்தாள் வீட்டுச் சுவருக்கு வெளியே வந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. வைத்தால் பிள்ளைக்குத் தீட்டு ஒட்டும், அதனாலேயே அது பிழைக்காமல் போகும் என்று நம்பினாள். மூன்றாவது வாரம் லேயாள் போய்விட்டாள். அடக்க ஜெபத்தைச் சத்தியநாதனே வாசித்தார். பூவாத்தாள் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றாள்.

அதற்கு அடுத்த வருஷம், யுத்தம் தொடங்கிய சமயம், பழைய ஐயர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். பெங்களூரில் படித்தவர். சாப்பிட உட்கார்ந்தவர், வீட்டம்மா இல்லையா என்று கேட்டார். சத்தியநாதன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஐயர் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு வேதத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்கச் சொன்னார். துணியில் வரும் குஷ்டத்தைப் பற்றியும் வீட்டுச் சுவரில் வரும் குஷ்டத்தைப் பற்றியும் அங்கே இருந்தது. சத்தியநாதன் அதைப் பலமுறை வாசித்தவர்தான்.

"சுவத்துக்கு எப்படிங்க உபதேசியாரே குஷ்டம் வரும்?" என்றார் ஐயர்.

எபிரெயர் அந்தக் காலத்தில் சொறி, படை, தேமல், துணியில் பூக்கிற பூஞ்சணம் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொன்னார்கள் என்று அவர் விளக்கினார். வனாந்தரத்தில் கூடாரம் போட்டுத் திரிந்த ஜனத்துக்கு, ஆராதனைக்கு யார் வரலாம் என்று வைத்த ஒழுங்கு அது. வேதத்தைத் தமிழில் எழுதியவர்கள் குஷ்டம் என்று நம் ஊர்ச் சொல் ஒன்றைப் போட்டார்கள்; அந்தச் சொல்லோடு நம் ஊர்ப் பயமும் சேர்ந்து வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி இவளுக்கு இருப்பது வெறும் நிறம்.

சத்தியநாதன் எழுந்து சோளக்காட்டுக்குப் போனார். கல்லைத் தாண்டி நேரே குடிசைக்குள் நுழைந்து அவள் கையைப் பிடித்தார். கேட்டதையெல்லாம் சொன்னார். பூவாத்தாள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அப்பொ எம்புள்ள காச்சல்ல கெடந்தப்ப நான் தொட்டிருக்கலாமுங்களா?"

அவர் தலையாட்டினார். அவள் சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வீட்டுக்கு நடந்தாள்.

அதன்பின் சத்தியநாதன் அர்த்தம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, இது எந்தக் காலத்தில், யாருக்கு, எதற்காகச் சொன்னது என்று ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். உபதேசியாருக்கு விசுவாசம் குறைந்துபோச்சு என்று சிலர் முணுமுணுத்தார்கள். ரங்கன் அதற்குள் செத்துப்போயிருந்தார். அவர் மகனிடம் போய் இவர் மன்னிப்புக் கேட்டார். அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பூவாத்தாள் அதன்பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தாள். சமைத்தாள், ஞாயிறுதோறும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாடினாள். பெருமாயிக்குப் பேரன் பிறந்தபோது குழந்தையைக் கொண்டுவந்து இவள் மடியில் போட்டாள். பூவாத்தாளின் கை இரண்டும் குழந்தைமேல் படாதபடி தானாக மேலே போய்விட்டன.

"புடிங்க அக்கா, ஒண்ணும் ஆவாது," என்றாள் பெருமாயி.

குழந்தை அழுது ஓய்ந்து, மடியிலேயே தூங்கிப்போகும்வரை பூவாத்தாள் கையை இறக்கவில்லை.