வெட்டிவேர் வாசனை வந்த தண்ணீர்ப் பந்தல்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறவர்கள் அரக்கோணத்தில் வண்டி மாறும்போது பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். நான் படிக்கவில்லை. படிக்காதது மட்டுமல்ல, பெரம்பூரிலிருந்து காவடியோடு வந்த ஒரு குடும்பத்தையும் "இதுதான் திருத்தணி வண்டி, தைரியமா ஏறுங்க" என்று கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தேன். என் மகள் செல்வி பிளாட்பாரத்தில் நின்றபடி ஜன்னல் கம்பியைத் தட்டி, "அப்பா, இது காட்பாடி போகுது" என்றாள். மயில்தோகை கதவில் சிக்கிக்கொள்ள எல்லோரும் இறங்கினோம். சரியான வண்டி வந்ததும் அந்தக் குடும்பம் நான் ஏறாத பெட்டியாகப் பார்த்து ஏறிக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் போன பயணம் இது. செல்வி சென்னையில் தாவரவியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாவதோடு நின்றவன். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று துணைக்குக் கிளம்பினேன். யாருக்கு யார் துணை என்பது அரக்கோணத்திலேயே தெரிந்துவிட்டது.

அவளுக்கு வேலை பொதட்டூர்பேட்டைக்கு வெளியே ஒரு பழைய சாயக் கொல்லையில். நெசவுக்கு வேண்டிய நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் பல வருஷமாக மிச்சத் தண்ணீரைக் கொட்டிவந்த இடம். சாயம் நிற்பதற்காக ஆரஞ்சு நிறத்தில் ஓர் உப்பு போடுவார்களாம். அதில் குரோமியம் என்ற உலோகம் இருக்கிறது. அது மண்ணில் தங்கிவிட்டால் மழை கழுவாது, வெயில் போக்காது. நம் ஊரில் தானாக முளைக்கிற எருக்கு, துத்தி, ஆமணக்கு, வெட்டிவேர் இவற்றை நட்டால் அவை அந்த உலோகத்தை உறிஞ்சி எடுக்குமா என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே நட்டுவிட்டு வந்திருந்தாள். செடியை வெட்டிக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். "அப்படியே முருகனையும் பார்த்துடலாம்" என்று கிருத்திகை நாளைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்.

அரக்கோணத்திலிருந்து திருத்தணி பதின்மூன்று கிலோமீட்டர், ரயிலில் அரை மணிகூட ஆகாது. அடிவாரத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். நீலப் படுதா கட்டிய ஒரு தண்ணீர்ப் பந்தலில் பெரிய மண்பானைகளை மணல்மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். வெட்டிவேர் போட்ட தண்ணீர். மூன்று தம்ளர் குடித்தேன். செல்வி பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் வைத்திருந்ததால் குடிக்கவில்லை. மெட்ராஸில் இப்படி ஒரு தண்ணீர் கிடைக்குமா என்று அவளுக்குப் பிரசங்கமே செய்தேன்.

மலையேறுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் பிடித்தோம். இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கூட்ட நாளில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கொல்லைக்காரர் முனிரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார். முன்பு சாயம் போட்டவர், இப்போது தறி மட்டும். "வாங்கண்ணா, வா பாப்பா. ஒரு ஆடு உள்ள வரலை. ஒரு இலை பறிக்க வுடல. வந்து பாரு" என்று பெருமையாகக் கூட்டிப்போனார்.

அந்த மண்ணை அன்றுதான் முதலில் பார்த்தேன். மண் என்று சொல்ல வாய் வரவில்லை. மேலே மஞ்சள் பூத்து, அதற்குக் கீழே பச்சையும் கறுப்புமாக, ஆறாத புண்போல் இருந்தது. அதன்மேல் எருக்கும் துத்தியும் ஆமணக்கும் கொழுகொழுவென்று நின்றன. வெட்டிவேர் வைத்த பாத்தி மட்டும் வெறும் பள்ளம். வேரை வெட்டி எடுத்த புல்லை ஒரு பக்கம் அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

"வேர் எங்கே மாமா?" என்றாள் செல்வி.

"பந்தலுக்குக் குடுத்துட்டேம்மா. வருஷா வருஷம் கிருத்திகைக்கு நம்ம ஊர்க்காரங்க அடிவாரத்துல தண்ணி வெக்கறோம். வேரு காசு குடுத்து வாங்குவோம். இந்த வருஷம் நம்ம கொல்லையிலயே கீதேன்னு தோண்டி, அலசி, கட்டுக் கட்டா அனுப்பிட்டேன். நீலப் படுதா போட்டிருக்கும், பாத்திருப்பீங்களே."

நான் குடித்தது மூன்று தம்ளர்.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனே மாமா."

"இலை பறிக்காத, ஆடு மேய்க்காத, கொட்டை எடுக்காதன்ன. ஆங், அதெல்லாம் செய்யல. வேரப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மண்ண சுத்தம் பண்ற செடின்னு நீதானம்மா சொன்ன. மண்ணையே சுத்தம் பண்ணுதுன்னா தண்ணிய பண்ணாதா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வெட்டிவேரைப் பானையில் போடுகிற ஊரில் வேறு எப்படி யோசிப்பார்கள்? சுத்தம் பண்ணுவது என்றால் அந்த விஷத்தை வேர் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்வது என்று அவள் விளக்கி முடித்தபோது, அவர் சட்டைகூடப் போடாமல் துண்டோடு எங்களுடன் பஸ் ஏறிவிட்டார்.

சொன்னதும் பந்தலில் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தோம், அப்படி நடக்கவில்லை. செல்வி நேராகப் போய்ப் பானைக்குள் கைவிட்டு வேர்க்கட்டை வெளியே இழுத்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவர் பாய்ந்து வந்தார்.

"இன்னாம்மா நீ, ஜனங்க குடிக்கிற தண்ணியில கைய வுடற?"

"இதுல விஷம் இருக்கு."

"வெட்டிவேர்லயா? காலேஜா நீ?"

முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் நின்றவர்கள் அதற்குள், "தவிச்சிகினு நிக்கறோம், வழி வுடுங்க" என்று நெருக்கினார்கள். குரோமியத்தை அந்தக் கூட்டத்துக்கு விளக்க அன்று முழுக்கப் போதாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பல்லி விழுந்திருச்சு" என்றேன்.

சட்டென்று வரிசை பின்வாங்கியது.

"ஆறு பானையிலயுமா?" என்றார் மொண்டு கொடுத்தவர்.

"குடும்பத்தோட கிருத்திகைக்கு வந்திருக்கும்" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் தம்ளரை நீட்டவில்லை. முனிரத்தினம் தன் ஊர்ப் பானைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே சாக்கடையில் கவிழ்த்தார். காலையிலிருந்து எத்தனை பேர் குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேர்க்கட்டுகளை ஒரு கோணியில் கட்டிக்கொண்டோம். எரித்தாலும் உலோகம் சாம்பலில் நிற்கும், கல்லூரிக்கே கொண்டுபோக வேண்டும் என்றாள் செல்வி. அன்று மலையேறவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூட்ட நாளில் விடியற்காலையிலேயே படியேறிவிடுங்கள், கல் சுடும். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பொதட்டூர்பேட்டையில் லுங்கி வாங்கலாம், நன்றாக உழைக்கும். மண்ணைச் சுத்தம் பண்ண எங்காவது செடி நட்டிருப்பதைப் பார்த்தால், அது பச்சையாக இருக்கிறதே என்று ஒரு குச்சிகூட ஒடிக்காதீர்கள். அதன் வேலை முடிகிறவரை அதுதான் அந்த இடத்தின் குப்பைத்தொட்டி.

பஸ் ஸ்டாண்டு வரை முனிரத்தினம் கூட வந்தார். கோணியை ஏற்றிக் கொடுத்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"அண்ணா, வூட்டுப் பானையிலயும் ஒரு கட்டு போட்டேன். நல்ல வேரா பாத்து. பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்துகீது, ஏழு மாசம். வந்ததுலருந்து அந்தத் தண்ணிதான் குடிக்குது, வாசனையா கீது நைனான்னு."

பக்கத்திலிருந்து செல்வி எட்டிப் பார்த்து, "போனதும் பானையை உடைச்சிடுங்க மாமா. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவள் சொன்னது போதவில்லை, பெண்ணைப் பெற்ற இன்னொருவன் சொல்ல வேண்டும் அவருக்கு. என்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது. பஸ் நகர்ந்தது. கையை மட்டும் நீட்டி அவர் தோளைத் தொட்டேன்.

ஆறு பானைக்கும் பல்லியை விழவைத்த வாய்தான். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் அது சொல்லவில்லை.