இலந்தைக் கொட்டையும் இரட்டை வால் விமானமும்

ஒற்றை இலந்தைக் கொட்டையால் பர்மிய விமானப் படைக்குப் பெரும் நாசம் விளைவித்துவிட்டேன் என்று ஒன்பது வயதில் நான் முழுமனதாக நம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ராணுவ ஆட்சிக் காலம். யாங்கோனில் ஒரு காட்சிக்கூடத்துக்கு மாமா என்னை அழைத்துப் போனார். முற்றத்தில் பழைய வாம்பயர் விமானம் ஒன்று நின்றது. ஜெட் போர்விமானங்களில் முதல் தலைமுறை. பசுந்தாங் பேட்டையில் தச்சுப்பட்டறை வைத்திருந்த மாமாவுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

"மூக்குப் பக்கம் பூரா பலகைடா. நம்ம சாமான்!"

"வாலு ஏன் மாமா ரெண்டு?"

"நடுவுல நெருப்பு பீச்சும். உடம்பை நீளமா வெச்சா வேகம் உள்ளயே செத்துப்போகும். அதான் உடம்பைக் கட்டையா நறுக்கிட்டு, வாலை ரெண்டு கம்புல தள்ளி வெச்சிருக்கான்."

"விசிறியைக் காணோமே?"

"இறக்கை ஒட்டுற இடத்துல ரெண்டு வாய் இருக்கு பாரு. அது காத்தைக் குடிக்கும்."

குடிக்கும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாயில் ஸீயோ, அதாவது வெல்லத்தில் ஊறிய இலந்தைப்பழம், இருந்தது. குறி பார்த்துக் கொட்டையைத் துப்பினேன். நேரே உள்ளே போய் 'டொக்'கென்றது. ஆகா என்று கூவ வாயைத் திறந்தேன்.

"ஆனா ஒண்ணுடா, ஒரு சின்னக் கல்லு உள்ள போனாலும் எஞ்சின் சுக்குநூறு" என்றார் மாமா, வேறெங்கோ பார்த்தபடி.

திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அடுத்த சண்டையில் அந்த விமானம் விழும், பட்டாளம் அப்பாவைப் பிடித்துப் போகும் என்றேன். மாமா சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"பட்டாளப் பேச்சு பஸ்ஸுல வேண்டாம்."

அவர் ஏன் பஸ் முழுக்க ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. என் குற்றம் அவ்வளவு பெரிது என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா பழைய மாமா ஆகிவிட்டார். "நான் பேசிச் சரிக்கட்டறேன். நீ சொன்னபடி கேளு."

நான்கு நாள் அவர் லுங்கிக்கு இஸ்திரி போட்டேன், டீக்கடைக்கு ஓடினேன், என் பங்கு மீன் வறுவலைக்கூடத் தாரைவார்த்தேன். ஐந்தாம் நாள் கூரைக்கு மேல் விமானச் சத்தம். ஜெயிலுக்கென்று எடுத்துவைத்திருந்த இரண்டு சட்டையோடும் ஒரு பொட்டலம் ஸீயோவோடும் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன். அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா தம்பி, புள்ளைய இப்படியா வேலை வாங்குவே? கூட்டிட்டுப் போய்க் காட்டுடா!"

மறுநாள் மாமா என்னைத் தோளில் ஏற்றி, விமானத்தின் பின்குழாயில் எட்டிப் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு மைனா என்னை முறைத்தது. எஞ்சின் இல்லை. காட்சிக்கு வைக்கும் முன்பே அதைக் கழற்றியிருந்தார்கள்.