பின்சீட்டில் கிடந்த ஜப்பான் புத்தகம்

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு கம்பெனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷின் பூட்ட வந்திருந்த ஜப்பான்காரர் ஒருவரைக் காலையில் மெட்ராஸிலிருந்து கூட்டிவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. பின்சீட்டில் விட்டுப்போகும் பேப்பரெல்லாம் டிரைவருக்கு என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டப்படிதான் செங்கல் கனத்தில் ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அலமாரித் தட்டில் கிழித்துப் போடலாம் என்று அம்மா கை நீட்டுவதற்குள் நான் பிடுங்கிக்கொண்டேன்.

எழுத்து ஒன்றும் புரியாது, ஆனால் படம் போதும். முதல் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரின் போட்டோ. பிறகு, கருகிப்போன ஊரில் ஒரு பையன் தனியாக நிற்கிறான். பக்கம் திருப்பத் திருப்ப நெருப்பு அடங்குகிறது. இடிந்த வீட்டுக்கடியிலிருந்து அவன் அப்பாவும் தங்கையும் வெளியே வருகிறார்கள். வீடு எழுந்து நிற்கிறது. விமானம் போயே போய்விடுகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காலைச் சோறு சாப்பிடுகிறார்கள். என்ன அருமையான கதை! சந்தோஷம் தாங்காமல் தங்கையின் கவுனுக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டினேன்.

நாலாம் நாள் மாமா வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஜப்பான்காரர் சீட்டுக்கடியிலெல்லாம் தேடியிருக்கிறார். மாமா புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற? என் வேலையே பூடும்டி!"

மாமா சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால் அம்மாவும் என்னை நாலு சாத்து சாத்தினாள். ராத்திரிக்குள் மாமாவுக்கு ஒரு யோசனை உதித்தது. மறுநாள் இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டிவிட்டு, என்னைக் கம்பெனி வாசலுக்கு இழுத்துப் போனார்.

"நீயே சொல்லு. கொயந்தைன்னா திட்ட மாட்டாரு."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, மாமா கார் கதவைத் துடைக்க ஆரம்பித்தார்.

இங்கிலீஷில் எனக்கு 'சாரி' ஒன்றுதான் தெரியும். அதைச் சொன்னேன். ஜப்பான்காரருக்கு மாமாவைவிட வயது கூட, நரைத்த தலை. புத்தகத்தை வாங்கி அந்தச் சிவப்புக் கவுனையே பார்த்தார். ஏன் தீட்டினேன் என்று சொல்லியே தீரவேண்டும் போலிருந்தது. புத்தகத்தை என் பக்கம் இழுத்து, போட்டோவிலிருந்து தொடங்கி, விரலால் தொட்டுத் தொட்டு நடித்துக் காட்டினேன். நெருப்புப் போச்சு. அப்பா வந்தாச்சு. தங்கச்சி வந்தாச்சு. எல்லாரும் சாப்பிட்டாச்சு.

அவர் காருக்குள் உட்கார்ந்து, நான் காட்டிய பக்கத்திலிருந்தே ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். வேலை போச்சு என்று நான் ஓவென்று அழுதேன். அவர் இறங்கி வந்து என் முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டார். மாமாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கும்பிடு போட்ட கதையை மாமா ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தார். புத்தகம் போன துக்கத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வல்லம் வடகாலில் ஒரு ஜப்பான் கம்பெனியில்தான் எனக்கு வேலை. அவர்கள் புத்தகத்தை வலது பக்கமிருந்து படிப்பார்கள் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். என் முதல் பக்கம் அவர்களுக்குக் கடைசிப் பக்கம்; கருகிய ஊரில் பையன் தனியாக நிற்பதுதான் கதையின் முடிவு. வரைந்தவரின் போட்டோவைக் கடைசியில்தான் போடுவார்களாம்; அப்படியானால் போட்டோவிலிருந்த பெரியவர்தான் அந்தப் பையன். தன் கதையைத் தானே வரைந்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால், என்னைக் கும்பிட்டவருக்கும் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அந்தப் பையன் வயதுதான் இருந்திருக்கும். அவருக்கும் ஒரு தங்கை இருந்தாளா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி வாழ்க்கைக் கதைகளை நிறைய வாங்கிப் படித்துவிட்டேன். முறைப்படிதான் படிக்கிறேன். ஒன்றில்கூட எந்தத் தங்கையும் கடைசிப் பக்கத்தில் சாப்பிட வரவில்லை.